நிலமட்டம் யார் கையில்?

புதுக்கோட்டை ஜில்லாவின் கிழக்குப் பகுதியில், ஆலங்குடி தாலுகாவைச் சேர்ந்த கீரமங்கலத்திற்கு வரும் வெளியூரார் அங்கே காண்பவை தென்னந்தோப்புகளும் பலா மரங்களும் பூந்தோட்டங்களுமேயாம். மேடு என்றோ பள்ளம் என்றோ சுட்டிக் காட்டத்தக்கது எதுவும் அவர் கண்ணுக்குத் தென்படாது. நிலம் பாய் விரித்தாற்போலக் கிடக்கிறது. ஆயினும் அவ்வூர்க் குடியானவர் ஒருவரை நிறுத்தி வினவினால், இந்த வயலுக்கு நீர் ஏறும், அந்த வயலுக்கு ஏறாது, இந்தத் தெரு மழைக்கு முழுகும், அடுத்த தெரு முழுகாது என்று விரல் நீட்டிச் சொல்லுவார். ஊராருக்கு அது பாயன்று. அரை முழ உயரத்தில் ஒருவன் விளைச்சலும் மற்றொருவன் தரிசும் தீர்மானமாகும் பூமி அது.

கீரமங்கலத்தை அடுத்த மேற்பனைக்காட்டின் வழியே கல்லணைக் கால்வாய் செல்கிறது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1934-ல் ஏற்பட்ட கால்வாய் அது. கல்லணையில் தலை வைத்துத் தஞ்சை ஜில்லாவின் தெற்குப் பகுதியைக் கடந்து, சுமார் 150 கிலோமீட்டர் நடந்து, புதுக்கோட்டை ஜில்லாவின் கடைமடை ஏரிகளில் போய் முடிகிறது. இத்தனை தூரத்திற்கும் அதற்குள்ள இறக்கமோ மிகச் சொற்பம். கரை எங்கேனும் ஒரு சாண் தாழ்ந்தாலும், தரை எங்கேனும் ஒரு சாண் மண்ணேறினாலும் கடைமடைக்காரன் வாசலுக்கு வர வேண்டிய நீர் நடுவழியில் நின்றுவிடுகிறது. மேட்டூரில் மதகு திறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டுக் கடைமடை ஜனங்கள் நாட்கணக்கில் வறண்ட கால்வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி நமக்குப் புதிதன்று. மழைக்காலத்தில் இதே மட்டம் வேறு முகம் காட்டுகிறது. புதிதாய்ப் போட்ட சாலை ஒன்று நிலத்தைவிட இரண்டடி உயர்ந்திருந்தால் போதும். அதன் மேற்கே பெய்த மழை கிழக்கே போக வழியின்றித் தேங்கிவிடும். கிழக்கே ஒரு பகல் நடைத் தூரத்தில் கடல். அதற்கப்பால் முத்துப்பேட்டை, வேதாரணியம் பக்கத்துத் தாழ்ந்த கரையில், கடல்மட்டம் ஒரு முழம் ஏறினால் எவ்வளவு நிலம் உப்பாகும் என்ற கேள்வி இன்று உலகமெங்கும் கேட்கப்படுகிறது.

ஆகவே, ஒரு வாய்க்காலுக்கும் ஒரு சாலைக்கும் ஒரு புயற்காப்பு மண்டபத்திற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த நிலத்தின் உயரம் என்ன? அதை அளந்தவர் யார், எதைக் கொண்டு அளந்தார், எவ்வளவு நம்பலாம்? இதை எஞ்சினீயர்கள் விவகாரம் என்று ராஜீயவாதிகள் ஒதுக்கி வைப்பது தவறு என்பது நமது அபிப்பிராயம். தண்ணீர் வழக்குகளெல்லாம் முடிவில் இந்த எண்ணில்தான் வந்து நிற்கின்றன.

மலைநாட்டை அளப்பது கஷ்டம், சமநிலத்தை அளப்பது சுலபம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. மலையில் ஐந்து மீட்டர் பிசகினால் மலை மலையாகவே இருக்கும். சமவெளியில் ஐந்து மீட்டர் பிசகினால் ஊர் கடலுக்குள் போய்விடும். நம் முன்னோர் இதை அறிந்தே, கருவிகளை நம்பாமல் நீரையே மட்டக்கோலாகக் கொண்டனர். புதுக்கோட்டைச் சீமையின் ஏரிகள் ஒன்றன் கலிங்கு வழிந்து மற்றொன்றின் வரத்து வாரியில் விழும்படி தொடர்ச்சியாக அமைந்திருப்பதைப் பார்க்கிறவர், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை அவர்கள் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருந்தனர் என்று வியவாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கு ஏட்டில் இல்லை. கரையிலும் கலிங்கிலும் இருந்தது. கரை கலைந்தபோது கணக்கும் கலைந்தது.

ஏட்டில் எழுதப்பட்ட கணக்கு கம்பெனி ஆட்சியில் தொடங்கிற்று. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் என்னும் இராணுவ உத்தியோகஸ்தர் சென்னைப் பரங்கிமலைக்கருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோடு ஒன்றைச் சங்கிலி பிடித்து அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்து சென்ற பெருவேலை பிறந்தது. அவ்வேலைக்குத் தூரத்துக் குறிகள் ஒன்றையொன்று பார்க்கும்படியான உயர்ந்த இடங்கள் வேண்டும். மலையுள்ள சீமைகளில் குன்றுதோறும் ஏறினார்கள். காவேரிப் பாசன நாட்டிற்கு வந்ததும் ஏறுவதற்குக் குன்றே இல்லை. கோவில் கோபுரங்களைத்தான் மலையாகக் கொள்ள வேண்டியதாயிற்று. 1808-ல் தஞ்சைப் பெருவுடையார் கோவில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தம் பெரிய தியோடலைட்டு யந்திரத்தை ஏற்றுகையில் கயிறு அறுந்து, யந்திரம் சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் பல வாரம் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே செப்பனிட்டார். சமவெளி அளப்பவனை எப்படிச் சோதிக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் நாம் கண்டதில்லை.

உயரத்தைக் குறிப்பதற்கு வேறொரு முறையும் பின்னர் வந்தது. நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் கடல் ஏறி இறங்குவதைப் பல ஆண்டு குறித்து, அவற்றின் சராசரியைச் சைபர் என்று வைத்து, அங்கிருந்து மட்டக் கருவியும் அளவுகோலும் பிடித்து நாடெங்கும் கற்களில் உயரம் பொறித்தார்கள். 1909-ல் நிலைநாட்டப்பட்ட அம்மட்டமே நெடுங்காலம் இந்தியாவின் கடல்மட்டக் கணக்காக வழங்கிற்று. கல்லுக்குக் கல் நடந்து அளந்த அந்த வேலை மிகத் துல்லியமானது. ஆனால் சாலையோரக் கற்களுக்கு மட்டுமே உயரம் தெரியும். இரண்டு கற்களுக்கிடையே கிடக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு என்ன உயரம் என்று யாரும் சொல்ல முடியவில்லை.

இந்த இடைவெளியை வானத்திலிருந்து நிரப்பினார்கள். 2000-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் எண்டெவர் என்னும் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை ரேடாரால் அளந்தது. ரேடார் என்பது ரேடியோ அலையை அனுப்பி அதன் எதிரொலியை வாங்கும் கருவி. ஓடத்தில் ஒரு வாங்கியும், 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தின் நுனியில் மற்றொரு வாங்கியும் வைத்திருந்தார்கள். தரையின் ஒரே புள்ளியிலிருந்து திரும்பும் அலை இரண்டுக்கும் சற்றே வேறுபட்ட தூரம் நடந்து வருகிறது. அந்த வித்தியாசத்திலிருந்து புள்ளியின் உயரம் கணக்கிடப்படுகிறது. நமக்கு இரண்டு கண்களிருப்பதால் தூரம் தெரிவது போன்ற ஏற்பாடு. இரவும் மேகமும் ரேடாருக்குத் தடையில்லை. உலகத்தார் யாவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி அக்கணக்கை வெளியிட்டார்கள். அதற்குப் பின் வந்த வெள்ள அறிக்கைகளிலும் கடலேற்ற அறிக்கைகளிலும் கணக்கற்றவை இதன்மேல் எழுந்தவையே.

இங்கேதான் கீரமங்கலத்துத் தென்னை சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. அந்த ரேடார் அலையின் நீளம் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. அடர்ந்த ஓலையைத் துளைத்துக்கொண்டு மண்ணை எட்டும் வலு அதற்கில்லை. தென்னந்தோப்பின்மேல் பட்ட அலை ஓலையிலும் மட்டையிலும் மோதிப் பாதி வழியிலேயே திரும்பிவிடும். தோப்பு இருக்குமிடமெல்லாம் நிலம் உயர்ந்திருப்பதாகக் கருவி எழுதிக்கொள்ளும். வீடுகள் நெருங்கிய இடத்தில் கூரையைத் தரையென்று எழுதிக்கொள்ளும். போதாக்குறைக்கு, வெளியிட்ட கணக்கில் உயரம் முழு மீட்டராகவே குறிக்கப்பட்டது. ஒரு மீட்டருக்குட்பட்ட வித்தியாசத்தை எழுத அதில் இடமே இல்லை. அரை முழத்தில் வாழ்வும் தாழ்வும் தீர்மானமாகும் பூமிக்கு இத்தகைய கணக்கைக் கொண்டு வாய்க்கால் திட்டமிடுவது, படி கொண்டு பொன் நிறுப்பது போன்றதேயாம்.

இதனால் விளைந்த மயக்கம் சிறிதன்று. வியட்நாம் தேசத்து மீகாங் நதியின் கழிமுகம் கடலுக்கு மேல் சராசரி 2.6 மீட்டர் உயரமென்று உலக அறிக்கைகள் எண்ணியிருந்தன. 2019-ல் மிண்டர்ஹௌட் என்னும் டச்சு விஞ்ஞானியும் அவர் தோழர்களும் அந்நாட்டிலேயே அளக்கப்பட்ட மட்டங்களைச் சேகரித்துப் பார்த்ததில், உண்மையான சராசரி சுமார் 0.8 மீட்டரே என்று தெரிந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கல்ப், ஸ்ட்ராஸ் என்ற இருவர் ரேடார்க் கணக்கின் பிழையைத் திருத்திப் பிரசுரித்த ஆராய்ச்சியில், கடல் பெருக்கு மட்டத்திற்குத் தாழ்ந்த நிலத்தில் இப்போதே வாழும் ஜனங்கள் 2 கோடியே 80 லட்சம் என்ற பழைய எண் 11 கோடியாக உயர்ந்தது. நிலம் தாழவில்லை, ஜனங்கள் குடிபெயரவுமில்லை. மரத்தையும் கூரையையும் கழித்தார்கள், அவ்வளவே.

பொய்ச்சாட்சியை மறுவிசாரணை செய்ய நல்ல சாட்சி ஒருவர் வேண்டும். அவர் 2018-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி விண்ணேறினார். ஐஸ்ஸாட் இரண்டு என்பது அந்த அமெரிக்கச் செயற்கைக் கோளின் பெயர். துருவப் பிரதேசங்களின் பனி கரைவதை அளப்பதே அதன் முதல் வேலை. நம் நிலத்தின்மேல் செல்வது அதன் வழியில் நேர்வது. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பச்சை நிற லேஸர் ஒளியை வினாடிக்கு 10,000 துடிப்பாக, ஆறு கதிராகப் பிரித்து அது கீழே செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கோடானுகோடி ஒளியணுக்கள் புறப்படுகின்றன. திரும்பி வந்து கருவியில் விழுபவை சுமார் ஒரு டஜன். அவை போய் வந்த நேரத்தை வினாடியில் நூறு கோடியில் ஒரு கூறினும் நுட்பமாகக் குறிக்கிறார்கள். அந்த ஒரு கூறு நேரத்தில் ஒளி 30 சென்டிமீட்டர் செல்லும்; போக்கும் வரவுமாகையால் உயரத்தில் அது 15 சென்டிமீட்டர். கோள் நகர நகர 70 சென்டிமீட்டருக்கொரு துடிப்பாகத் தரையில் வரி வரியாய் உயரம் பதிவாகிறது.

தோப்பின்மேல் செல்லும்போது இந்த ஒளியணுக்களில் சில ஓலையில் பட்டுத் திரும்பும். சில ஓலைக்கிடையேயுள்ள சந்துகளில் புகுந்து மண்ணைத் தொட்டுத் திரும்பும். பதிவை வரைந்து பார்த்தால் மேலே ஒரு வரியும் கீழே ஒரு வரியும் தெரியும். மேலது தென்னையின் தலை, கீழது நிலம். ரேடார் குழப்பிய இரண்டையும் லேஸர் பிரித்துக் காட்டுகிறது. சமவெளியாயிருப்பது இங்கே குறையாகாமல் அனுகூலமாகிறது. கதிர் தரையில் விழும் வட்டம் சுமார் 11 மீட்டர் அகலம். மலைச்சரிவில் அவ்வட்டத்திற்குள்ளேயே நிலம் பல மீட்டர் ஏறியிறங்குமாதலால் விடை மங்கலாகும். நம் வயல்களில் அவ்வட்டம் முழுதும் ஒரே மட்டம். விடை தெளிவாக வருகிறது. லாம்ப்டனைக் கோபுரம் ஏறச் செய்த பூமி லேஸருக்கு மிக இணக்கமான பூமியாயிற்று.

அக்கோள் விண்ணேறிய இரண்டே மாதத்தில், நவம்பர் 16-ந் தேதி விடியுமுன், கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. கீரமங்கலம், பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகள் தோப்பு தோப்பாக வீழ்ந்ததை நாம் இங்கு விவரிக்க வேண்டியதில்லை. அந்த நஷ்டத்தைச் சுமந்தவர்கள் இன்னும் சுமக்கிறார்கள். நமது விஷயத்திற்கு அதிலுள்ள சம்பந்தம் இது: 2000-ம் ஆண்டின் ரேடார்ப் படத்தில் தரையாக எழுதப்பட்டிருந்த உயரத்தில் ஒரு பகுதி அன்று ஓரிரவில் சாய்ந்த தோப்பாயிருந்தது.

இனி, வானத்து அளவைக்கும் நம் கடல்மட்டக் கணக்குக்கும் இடையே ஒரு சிக்கல் உண்டு. இதனை அறியாமல் எண்களைக் கையாளுவோர் பெரும்பிழை செய்வர். செயற்கைக் கோள் அளப்பது, பூமியை ஓர் ஒழுங்கான உருண்டையாகக் கற்பித்து அவ்வுருண்டையின் மேலிருந்து எவ்வளவு என்பது. கடலோ அந்தக் கற்பனை உருண்டையின்மேல் கிடப்பதில்லை. பூமியின் ஈர்ப்பு எங்கே குறைகிறதோ அங்கே தாழ்கிறது. உலகிலேயே கடல் மிகத் தாழ்ந்துள்ள இடம் இலங்கைக்குத் தெற்கே உள்ளது; அங்கே கடல் அந்த உருண்டைக்கு 100 மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. நம் சோழமண்டலக் கரையும் அந்தப் பள்ளத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 90 மீட்டர் கீழே. கோள் தரும் எண்ணை அப்படியே படித்தால் நம் கடற்கரை ஊர்களெல்லாம் சைபருக்கு வெகு தாழ்வாயிருக்கும். ஈர்ப்புக் கணக்கைச் சேர்த்து அதைக் கடல்மட்டத்திற்குக் கொணர வேண்டும். அச்சேர்க்கையில் ஒரு முழம் பிசகினாலும், லேஸரின் நுட்பமெல்லாம் வீணே. நாகப்பட்டினத்தில் அலையளந்த பழைய வேலை, விண்ணளவை வந்த பின்னும் பழசாகிவிடவில்லை.

லேஸருக்குள்ள பெருங்குறை வேறு. அது கோடு கோடாக அளக்கிறது. கோடுகளுக்கிடையே நிலம் அளவின்றிக் கிடக்கிறது. மேகம் மூடியிருந்தால் ஒளி தரைக்கு வருவதுமில்லை. ரேடாரோ எங்கும் அளக்கிறது, ஆனால் மரத்தையும் கூரையையும் சேர்த்து அளக்கிறது. ஆகையால் இரண்டையும் இணைப்பதே இப்போது வழக்கமாயிருக்கிறது. ஜெர்மானியர் 2010 முதல் இரண்டு ரேடார்க் கோள்களை அருகருகே பறக்கவிட்டுத் தயாரித்த உலகப்படம் பரப்புக்கு. லேஸர்க் கோடுகள் திருத்தத்துக்கு. ஹாலந்து விஞ்ஞானிகள் இவ்விதம் கழிமுகங்களுக்கும் கடற்கரைகளுக்கும் 30 மீட்டர்க் கட்டங்களாக வெளியிட்ட படத்தில் சராசரிப் பிழை அரை மீட்டருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2021-ல், ஹோயெர், வெர்னிம்மன் என்ற இருவர் லேஸரை மட்டும் கொண்டு ஒரு கணக்குப் போட்டிருந்தனர். கடல்மட்டத்திற்கு மேல் 2 மீட்டருக்குட்பட்ட தாழ்நிலத்தில் உலகில் 26 கோடியே 70 லட்சம் ஜனங்கள் வாழ்கின்றனர் என்றும், அந்நிலத்தில் நூற்றுக்கு 62 பங்கு உஷ்ண மண்டலத்தில் இருக்கிறதென்றும் அவர்கள் கண்டனர். கடல் ஒரு மீட்டர் ஏறினால் அத்தொகை 41 கோடியாகும். உஷ்ண மண்டலம் என்பது நம்மையும் சேர்த்ததே என்று சொல்லத் தேவையில்லை. மரம் அடர்ந்ததும் சொந்த அளவை குறைந்ததும் பெரும்பாலும் இந்த மண்டலமேயாகையால், பிழையும் ஆபத்தும் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

அரை மீட்டர்ப் பிழை என்பது கடற்கரைத் தாலுகாக்களில் எது முதலில் முழுகும் என்று தீர்மானிக்கப் போதும். மேற்பனைக்காட்டில் எந்த மடையின் வாய் தாழ்ந்தது என்று தீர்மானிக்கப் போதாது. வானத்துப் படத்தைக் காட்டி, உன் வயல் மேடு, உனக்கு நீர் ஏறாது என்று ஓர் அதிகாரி சொன்னால் அதைக் குடியானவர் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. அதற்கு விமானத்திலிருந்து பறந்து அளக்கும் லேஸரோ, கால்வாய்க் கரையில் நின்று மட்டக் கருவி பிடித்தளக்கும் பழைய முறையோ வேண்டும். இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. வர்ணம் தீட்டிய படம் ஒன்றை மேஜைமேல் விரித்தவுடன் விவாதம் முடிந்ததென்று எண்ணும் பழக்கம் கச்சேரிகளில் பெருகி வருகிறது. எவ்வளவு பிழைக்குட்பட்டது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

நம் நாட்டின் நிலையென்ன? ஸர்வே இலாகா 1767-ல் ஏற்பட்டது. உலகத்துப் பழைய இலாகாக்களில் ஒன்று. எனினும் கடற்கரையையும் எல்லையையும் அடுத்த பிரதேசங்களின் விரிவான படங்கள் பொதுஜனங்களுக்குக் கிட்டாதபடி நெடுங்காலம் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. வெள்ளையர் காலத்து வழக்கம் சுதந்திரத்திற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. நம் கரையின் உயரத்தை அமெரிக்கரும் ஜெர்மானியரும் உலகுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கையில், அதைவிட நல்ல அளவை நம் சர்க்காரிடமிருந்தும் நம் பஞ்சாயத்துத் தலைவர் கேட்டால் அது இரகசியம் என்ற விசித்திரத்தை வேறெப்படிச் சொல்லுவது? 2021-ம் வருஷம் பிப்ரவரியில் இந்தக் கட்டு பெரிதும் தளர்த்தப்பட்டது. இந்திய ஸ்தாபனங்கள் முன் அனுமதியின்றி நுட்பமாக அளக்கலாம், படம் வெளியிடலாம் என்றாயிற்று. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசீயக் கொள்கையோ, 2030-க்குள் சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் நுட்பமுள்ள உயரப்படம் தயாரிக்கப்படும் என்று வாக்களித்திருக்கிறது. கடைமடைக்காரனுக்கு வேண்டியது ஏறக்குறைய இந்த நுட்பமே. 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ராக்கெட்டில் ஏறிய நிஸார் என்னும் கோளில் நம்முடைய ரேடாரும் அமெரிக்கருடைய ரேடாரும் இணைந்துள்ளன. அது முதன்மையாக அளப்பது நிலத்தின் அசைவை. பன்னிரண்டு நாட்களுக்கொரு முறை ஒரே இடத்தைப் பார்த்து, சென்டிமீட்டர் அளவில் நிலம் தாழ்கிறதா என்று காட்ட வல்லது. நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கும் கழிமுகங்களுக்கு இது அவசியமான அறிவு. ஆகவே, நம்மவரால் முடியாதென்ற பேச்சுக்கு இடமில்லை.

நாம் அஞ்சுவது வேறொன்றை. 25 சென்டிமீட்டர்ப் படம் தயாராகித் தலைநகரில் ஒரு கணினிக்குள் தூங்குமானால், அதைப் பார்க்க வல்லவர் குத்தகைக்காரரும் கம்பெனிக்காரரும் மட்டுமே ஆவர். எந்தத் தாழ்நிலத்தை மலிவாய் வாங்கலாம், எந்த மேட்டில் வீட்டுமனை போடலாம் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியும். அங்கே நூறு வருஷமாய் உழுகிறவனுக்குத் தெரியாது. ஆகையால் அப்படம் தாலுகாக் கச்சேரியிலும் கிராமப் பஞ்சாயத்திலும் தமிழில் விளக்கத்தோடு வைக்கப்பட வேண்டும். எந்த நாளில் அளந்தது, பிழை எவ்வளவு, எந்தக் கடல்மட்டத்திலிருந்து எண்ணியது என்ற மூன்றும் அதன் முகத்திலேயே எழுதப்பட வேண்டும். கலிங்கும் வரத்து வாரியும் சாலைகளின் அடிப்பாலங்களும் அதில் குறிக்கப்பட வேண்டும். அவற்றை அளப்பவரோடு கூடச் சென்று காட்டுவதற்கு ஊரில் நீர் பாய்ச்சுகிறவரைவிடத் தகுந்தவர் இல்லை. கீரமங்கலம் வட்டாரத்து வாலிபர்கள் இந்த வேலைக்கு முன்வருவார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

2030 வெகு தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டின் எந்த ஜில்லாக்களில் இந்த அளவை தொடங்கப்பட்டிருக்கிறது, கல்லணைக் கால்வாயின் கடைமடைத் தாலுகாக்கள் வரிசையில் எத்தனையாவதாய் நிற்கின்றன என்று பார்லிமெண்டிலும் சட்டசபையிலுமுள்ள நம் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே கேள்வி கொடுத்து, வரும் பதிலைத் தொகுதி ஜனங்களுக்குத் தெரிவிப்பார்களாக.